அறுபதாயிரத்துக்குள் கேமிங் பிசி: அசெம்பிள் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு

கம்ப்யூட்டர் கடைக்குக் கேமிங் பிசி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேராகத்தான் வருவார்கள்: பிளஸ் டூ முடித்த மகன், கூடவே அப்பா. மகன் யூடியூபில் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருப்பான். அப்பா பட்டியலைப் பார்க்கமாட்டார். நேராகத் தொகைக்கு வந்துவிடுவார்.

“தம்பி, எல்லாம் சேர்த்து அறுபதுக்குள்ள முடிச்சிரலாமா?”

“முடிச்சிரலாம் சார். வீட்ல மானிட்டர் இருக்கா?”

பதிலோடு அந்தக் கேள்வியையும் கேட்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார். அலுவலகத்துக்கும் படிப்புக்கும் லேப்டாப் போதும் என்றாகிவிட்ட பிறகு, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக் கொடுக்கும் வேலைக்கு மிஞ்சியிருக்கும் நல்ல ஆர்டர் கேமிங் பிசிதான். ஐடிஐயில் ஹார்டுவேர் பிரிவு முடித்தவர்களும், டிப்ளமோ முடித்துக் கடையில் சேர்ந்தவர்களும், வீட்டிலிருந்தே பகுதிநேரமாக அசெம்பிள் செய்து கொடுப்பவர்களும் இந்த ஆர்டரை நம்பி இருக்கிறார்கள். ஸ்குரூ முடுக்குவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இன்னொருவர் பணத்தை எட்டு பாகங்களுக்குச் சரியாகப் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். இந்தக் கட்டுரை அந்தப் பிரிப்பைப் பற்றியது.

பட்டியலுக்கு முன் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி மானிட்டர். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு பிரேமிலும் அத்தனை புள்ளிகளையும் வரைய வேண்டும். ஆக, திரை மாறினால் கார்டின் வேலை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அறுபதாயிரம் ரூபாய் பட்ஜெட்டில் 1080பி திரைதான் நியாயமான இலக்கு. 1440பி கேட்டு வருகிற மகனிடம் இதை அப்பாவின் முன்னிலையிலேயே பொறுமையாக விளக்கிவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, என்ன கேம்? வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசஸரைத்தான் அதிகம் கேட்கும். நடுத்தரக் கார்டிலேயே நன்றாக ஓடும். சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகள் கார்டைப் பிழிந்தெடுக்கும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டும் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு இல்லாமல் திறக்கவே திறக்காது. ஜிடிஎக்ஸ் 1650 கார்டு போட்டுக் கொடுத்தால், “அண்ணா, கேம் ஓபனே ஆகலை” என்று மறுநாளே போன் வரும். வேலரன்டுக்கு வேறொரு நிபந்தனை உண்டு. விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்க வேண்டும். பயாஸில் இவற்றை இயக்கிவிட்டுத்தான் மெஷினைக் கையில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கேம் தவிர வேறென்ன வேலை? இன்ஜினியரிங் சேரப்போகிற பையன் என்றால் கேட் மென்பொருள் வரும். விஸ்காம் என்றால் வீடியோ எடிட்டிங் வரும். இரண்டுக்கும் ராம் கூடுதலாக வேண்டும். நான்காவது, வீட்டில் யுபிஎஸ் இருக்கிறதா? இதை யாரும் பட்டியலில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

ஐம்பதாயிரம் எங்கே போக வேண்டும்

மானிட்டர் வீட்டில் இல்லையென்றால் முதலில் பத்தாயிரத்தை அதற்கு ஒதுக்கி வைத்துவிடுங்கள். மீதி ஐம்பதாயிரம். அதில் இருபதாயிரம் கிராபிக்ஸ் கார்டுக்கு. பிராசஸரும் மதர்போர்டும் சேர்ந்து பதினைந்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. மீதிப் பதினைந்தாயிரத்துக்குள் ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் நான்கையும் அடக்க வேண்டும். இதில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நாலாயிரத்துக்குக் குறைக்காதீர்கள்.

கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பதை வைத்துத் தொடங்கச் சொல்லலாம்.

இந்த விகிதம் கல்வெட்டு அல்ல. 2025இன் கடைசி மாதங்களில் ஏஐ சர்வர்களுக்கான மெமரி தேவை கூடியதால் ராம் விலை உலகம் முழுக்கக் கடுமையாக ஏறியது. முந்தின ஆண்டு எடுத்த வீடியோவில் சொன்ன விலையை நம்பிக் கொட்டேஷன் கொடுத்தவர்கள் கைக்காசைப் போட வேண்டியிருந்திருக்கும். கொட்டேஷனில் தேதியைப் போட்டு, ‘இந்த விலை 2 நாளுக்கு மட்டும்’ என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். ராம் ஏறியிருக்கும் சமயத்தில் வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் இருந்தால் அதைச் சோதித்து எடுத்துக்கொள்வது வாடிக்கையாளருக்குப் பெரிய மிச்சம்.

கார்டு: பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

“எத்தனை ஜிபி கார்டு?” என்பதுதான் கவுண்டரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கார்டின் வேகத்தை ஜிபியை வைத்து எடை போடும் பழக்கத்தால் ஏமாந்தவர்கள் ஏராளம். ஜிடி 730 என்ற கார்டு 2014இல் வந்தது. அது 4 ஜிபி மெமரியோடும் விற்கப்படுகிறது. 4 ஜிபி என்ற எழுத்தைப் பார்த்து வாங்கிச் செல்கிறவருக்குக் கிடைப்பது திரையில் படம் காட்டுவதற்கான கார்டு. ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைவிட எவ்வளவோ வேகமானது.

ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்பது இந்தத் துறையில் சர்வசாதாரணம். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி கார்டில் 2,560 கோர்கள், மெமரி பஸ் 128 பிட். 2024 தொடக்கத்தில் வந்த 6 ஜிபி கார்டில் 2,304 கோர்கள், பஸ் 96 பிட். பெட்டியின் முகப்பில் இரண்டிலும் 3050தான். வேகத்தில் இரண்டும் ஒன்றல்ல. 6 ஜிபி கார்டுக்கும் ஒரு நல்ல இடம் உண்டு: 70 வாட் மட்டுமே எடுப்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம், பழைய பிராண்டட் மெஷினில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாத இடத்தில் அது கை கொடுக்கும். புதிதாக அசெம்பிள் செய்யும் கேமிங் பிசிக்கு அது முதல் தேர்வாக இருக்கக் கூடாது.

ஜிடி 1030 கதை இன்னும் மோசம். 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்று வந்தது. மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால் கொட்டேஷனில் வெறும் ‘3050’ என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கம்பெனி, மாடல் எண், மெமரி அளவு, மெமரி வகை நான்கும் இருக்க வேண்டும்.

இருபதாயிரம் ரூபாய் வட்டத்தில் பல ஆண்டுகளாக நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வந்தது. 8 ஜிபி மெமரி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். 1080பி திரைக்கு அளவெடுத்த கார்டு. ரே டிரேசிங்கில் வேகம் குறைவு என்றாலும் அந்த வசதி உள்ளே இருப்பதால் மேலே சொன்ன புது கேம்கள் திறக்காமல் போகாது. வாங்கப் போகும் நாளில் ஸ்டாக் இல்லையென்றால், அதே விலையில் கிடைக்கும் மற்ற 8 ஜிபி கார்டுகளை இதனோடு ஒப்பிட்டு, இதைவிட வேகம் குறையாத ஒன்றை எடுங்கள். ‘கொஞ்சம் விலை குறைவு, அதே ஆர்எக்ஸ்தான்’ என்று 6500 எக்ஸ்டி கார்டைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். 4 ஜிபி மெமரி ஒரு குறை. மதர்போர்டோடு பேசுவதற்கு 4 லேன் மட்டும் இருப்பது அதைவிடப் பெரிய குறை. பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் கேமில் வேகம் கண்கூடாகக் குறையும்.

பட்ஜெட் சற்று ஏறினால் 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கவனிக்க வேண்டிய கார்டு. 12 ஜிபி மெமரி. ஆனால் ரீசைசபிள் பார் வசதி உள்ள போர்டு அதற்குக் கட்டாயம். பிராசஸர் பழையதாக இருந்தால் அதன் வேகம் விழும். பழைய மெஷினுக்குக் கார்டு மட்டும் கேட்டு வருகிறவருக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

முப்பத்தைந்தாயிரம்தான் இருக்கிறது என்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ரைசன் 5 5600ஜி போட்டு, கார்டு இல்லாமல் தொடங்கலாம். வேலரன்ட், ஜிடிஏ 5 போன்றவை அமைப்புகளைக் குறைத்து வைத்தால் ஓடும். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தனக்கான மெமரியை ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு 8 ஜிபி ராம் இதற்குக் கட்டாயம். ஒரே ஸ்டிக் போட்டால் பாதி வழி அடைபட்டது போலத்தான். அடுத்த ஆண்டு கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளட்டும். அதற்குத் தாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை இன்றே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பிராசஸரும் போர்டும்

இங்கே நீண்ட விவாதம் தேவையில்லை. இந்த பட்ஜெட்டில் ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப். இரண்டும் 6 கோர், 12 த்ரெட். கையைக் கடித்தால் ஐ3 12100எஃப். 4 கோர், 8 த்ரெட் என்றாலும் 1080பி கேமிங்குக்கு மரியாதையாக ஈடுகொடுக்கும். ஐ7 வேண்டும் என்று அப்பா கேட்பார். ‘ஐ7 என்றால் பெரியது’ என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பணத்தைக் கார்டில் போட்டால் மகனுக்கு எத்தனை பிரேம் கூடும் என்று கடையில் இருக்கும் இன்னொரு மெஷினில் ஓட்டிக் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது எளிது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனியுங்கள். இன்டெலில் ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையில் ஒன்றும் வராது. ரைசன் 5 5600க்கும் இதே நிலைதான். சோதனைக்கென்று கடையில் ஒரு பழைய கார்டு எப்போதும் இருக்கட்டும்.

ஏஎம்4 சாக்கெட்டின் பயணம் முடிந்துவிட்டது; புது பிராசஸர் வரிசைகள் ஏஎம்5 சாக்கெட்டில்தான் வருகின்றன. ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராம் மட்டுமே சேரும். இரண்டு, மூன்று ஆண்டில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்வேன் என்று உறுதியாகச் சொல்கிறவருக்கு ஏஎம்5 நல்லது. வாங்கினால் ஐந்தாறு வருடம் தொடப்போவதில்லை என்கிற குடும்பத்துக்கு ஏஎம்4இல் மிச்சமாகும் பணம் கார்டுக்குப் போவதே சரி.

போர்டில் நீங்கள் பார்க்க வேண்டியது பயாஸ். பழைய ஸ்டாக் பி450 போர்டு கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் 5600ஐப் பூட்டி சுவிட்சைப் போட்டால் பேன் சுற்றும், டிஸ்பிளே வராது. போர்டு பழுதோ என்று பதற வேண்டாம், பயாஸ் பழையது. இன்டெலில் 12ஆம் தலைமுறை காலத்து எச்610 போர்டில் 13 அல்லது 14ஆம் தலைமுறை பிராசஸரைப் போடும்போதும் இதுவே நடக்கும். போர்டு வாங்கும்போதே, “பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுத்துருங்கண்ணே” என்று கடையில் கேட்டு வாங்கிவிடுங்கள். நல்ல கடைக்காரர்கள் செய்து கொடுப்பார்கள்.

ராம், எஸ்எஸ்டி

16 ஜிபி, அதுவும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக். டிடிஆர்4 என்றால் 3200 வேகம் போதும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4 என்ற ஸ்லாட்களில் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி இயக்காவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2133 அல்லது 2400 வேகத்தில் ஆமையாக ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளருக்கு அது வாழ்நாள் முழுதும் தெரியாமலே போகலாம்.

எஸ்எஸ்டி என்விஎம்இ வகையாக இருக்கட்டும். 500 ஜிபி என்று வாங்குவது விண்டோஸில் 465 ஜிபியாகத்தான் காட்டும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது. எனவே 1 டிபிக்கு ஏற முடிந்தால் ஏறுங்கள். ஜென் 4 வேகத்துக்காகக் கூடுதல் பணம் வேண்டாம். கேம் திறக்கும் நேரத்தில் நொடிக்கணக்கில்தான் வித்தியாசம்.

எஸ்எம்பிஎஸ்: லேபிளைப் படியுங்கள்

வாடிக்கையாளர் கண்ணில் படாத பாகம் இது. யாரும் இதன் பெயரைச் சொல்லி நண்பர்களிடம் பெருமைப்படுவதில்லை. லாபம் பார்க்க நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் இதில்தான். அதனாலேயே ஒரு அசெம்பிளரின் நேர்மையை நான் இந்தப் பாகத்தை வைத்துத்தான் அளக்கிறேன்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கையில் எடுங்கள். எடை குறைவாக இருப்பது உடனே தெரியும். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 450 என்று இருக்கும். அதை விட்டுவிட்டு, கீழே கட்டம் போட்ட சின்ன எழுத்தைப் பாருங்கள். +3.3வி, +5வி, +12வி என்று வரிசையாக இருக்கும். கேமிங் பிசியில் பிராசஸரும் கார்டும் இழுப்பது 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். அதற்குக் கீழே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 192 வாட். ரைசன் 5 5600 உச்சத்தில் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். இரண்டுக்குமே 208 வாட் ஆகிவிட்டது. 450 என்ற எழுத்துக்கு இங்கே அர்த்தம் இல்லை. நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே கட்டத்தில் 44 ஆம்பியர் அளவில் இருக்கும், 528 வாட். அப்படிப்பட்டதுதான் வேண்டும்.

80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைச் சொல்வது. பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ அது உத்தரவாதம் இல்லை. முத்திரையோடு வாரண்டி எத்தனை ஆண்டு என்பதையும் பாருங்கள். 5 ஆண்டு வாரண்டி கொடுக்கும் கம்பெனி உள்ளே கண்டதைப் போட்டு அனுப்பத் துணியாது.

தரமற்ற எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் சாவதில்லை. போகும்போது போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். இருபதாயிரம் ரூபாய் கார்டை இரண்டாயிரம் ரூபாய் மிச்சத்துக்காகப் பணயம் வைக்கும் உரிமை நமக்குக் கிடையாது, அது இன்னொருவர் பணம்.

யுபிஎஸ் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். பிராசஸர், கார்டு, மற்ற பாகங்கள், மானிட்டர் எல்லாம் சேர்ந்து உச்சத்தில் 280 வாட் அளவுக்கு வரும். எஸ்எம்பிஎஸ்ஸில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது 330ஐ ஒட்டிப் போகும். பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். நூலிழையில் நிற்பதைவிட 1000 விஏ போடச் சொல்லுங்கள். சில எஸ்எம்பிஎஸ்கள் மலிவான யுபிஎஸ்ஸின் சதுர அலை மின்சாரத்தை ஏற்காமல், கரண்ட் போன நொடியில் தானும் அணைந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பூட்டி, பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிட்டுக் கொடுங்கள். கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று புகார் வந்தால் முதலில் வீட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. அப்படிப்பட்ட வீடுகள் நம்மூரில் இன்னும் நிறைய.

கேபினட்

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, வண்ண விளக்கு எரிவதைத்தான் பையன்கள் கேட்பார்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் காற்று எங்கிருந்து வரும்? முன்பக்கம் வலை உள்ளதாக, இரண்டு பேன் உள்ளே இழுக்க, ஒன்று பின்னால் தள்ள அமைந்தது போதும். தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். விளக்கு வேண்டுமென்றால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட்

பட்ஜெட் கேமிங்கில் பழைய பாகங்களை ஒதுக்கிவிட முடியாது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் நல்ல சரக்கும் உண்டு, பொல்லாத சரக்கும் உண்டு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றில் அதிகம் புழங்குவது ஆர்எக்ஸ் 580. 2017இல் வந்த அசல் கார்டில் 2,304 ஷேடர். சீனச் சந்தைக்கென்று வந்த 2048எஸ்பி என்ற வகையும் இங்கே அதே பெயரில் கைமாறுகிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டு அது என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060, 1050 டிஐ போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இனி அவற்றைக் கேமிங்குக்கென்று விற்பது நியாயமாகாது.

பழைய கார்டைக் காசு கொடுக்கும் முன் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபர்மார்க் போட்டு இருபது நிமிடம். திரையில் புள்ளி, கோடு, கட்டம் தெரிகிறதா, பேன் சத்தம் சீராக இருக்கிறதா, வெப்பம் ஓர் இடத்தில் வந்து நிற்கிறதா அல்லது ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். ஸ்குரூ தலைகளைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் யாரோ திறந்து வேலை பார்த்திருக்கிறார்கள். கேட்டால் விற்கிறவர் உண்மையைச் சொல்லிவிடுவார், சொல்லாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

அலுவலகங்களிலிருந்து கழித்த பிராண்டட் மெஷின்களை வாங்கிக் கார்டு செருகிக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் கனெக்டரும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. வெளியில் வாங்கியது சேராது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷின்களைக் கேமிங்குக்குத் தொடாதீர்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பிராசஸர் செகண்ட் ஹேண்டில் வந்தால் எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றில் அதிக வோல்டேஜால் நிலைதடுமாறும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டில்தான் திருத்தம் வந்தது. திருத்தம் மேலும் கெடாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது.

பில்லும் ஒப்படைப்பும்

“பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்” என்று மொத்தக் கடையில் சொல்வார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகிறது என்று தலையாட்டினால், எட்டு மாதம் கழித்து கார்டு போகும்போது அந்த மிச்சம் எங்கேயும் உதவாது. வாரண்டிக்கு பில்லும் சீரியல் நம்பரும்தான் ஆதாரம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்த சரக்கென்றால் இந்தியாவில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட இறக்குமதியாளர் அதைத் தொடவே மாட்டார். பெட்டியில், பாகத்தில், பில்லில் மூன்றிலும் ஒரே சீரியல் நம்பர் இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள். பிராசஸரைப் பெட்டியோடு வாங்குங்கள். ட்ரே சரக்கு சில நூறு ரூபாய் குறையும். கூலரும் இருக்காது, கடைக்காரர் வாயால் சொல்வதே வாரண்டி.

உங்கள் கூலியைப் பாகங்களின் விலைக்குள் ஒளிக்காதீர்கள். அசெம்பிள் கட்டணம் என்று தனி வரியில் எழுதுங்கள். இன்று பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாகத்தின் ஆன்லைன் விலையையும் பையன் வீட்டுக்குப் போவதற்குள் பார்த்துவிடுவான். பாக விலையில் ஒளித்தது அகப்பட்டால் போச்சு. வெளிப்படையாகக் கேட்ட கூலியை யாரும் மறுப்பதில்லை. கொஞ்சம் பேரம் பேசுவார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் உரிமத்தின் விலையும் தனி வரியில் வரட்டும். கிராக் போட்டுக் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதே மெஷினில்தான் அந்த வீட்டின் நெட் பேங்கிங்கும் நடக்கப்போகிறது.

ஒப்படைக்கும் முன் ஒருநாள் உங்களிடமே ஓடட்டும். மெம்டெஸ்ட் போட்டு ராமைச் சோதியுங்கள். அவர்கள் சொன்ன கேமையே ஒரு மணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 5600க்கு உச்ச வரம்பு 90 டிகிரி. உங்கள் சோதனையில் 80க்குள் நின்றால் வீட்டு வெயிலையும் தாங்கும்.

வீட்டில் கொண்டுபோய் வைக்கும்போது இரண்டு விஷயம். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, ‘கார்டு வேலை செய்யலை’ என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. கார்டில் செருக வேண்டும் என்று மகனிடம் காட்டிவிடுங்கள். 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் பல நேரம் 60இலேயே நின்றுகொண்டிருக்கும். டிஸ்பிளே அமைப்பில் போய் மாற்றிவிட்டு வாருங்கள். காசு கொடுத்து வாங்கிய வேகம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு தாளில் எல்லாப் பாகங்களின் பெயர், மாடல், சீரியல் நம்பர், வாரண்டி முடியும் தேதி எழுதி அப்பா கையில் கொடுங்கள், அதன் படம் ஒன்றை உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் பெட்டிகளை ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், வாரண்டி முடியும் வரை பரணில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.